அல்சைமர்: அம்மா பிரஷ்ஷைக் கடிச்சுப் பிடிச்சுக்கிறாங்க, என்ன செய்யலாம்? (ஏற்காடு)

மிளகுக்கொடி:
அம்மாவுக்கு வயசு 76, அல்சைமர் நடுக்கட்டம். மறதிக்கு டோனிபெசில் 10 மி.கி., ஆவேசம் அடங்க ராத்திரி க்வெட்டியாபின் 25 மி.கி. மேலே முழு பல்செட், கீழே சொந்தப் பல் ஒன்பது. பிரஷ்ஷைப் பக்கத்துல கொண்டு போனாலே கையைத் தட்டி விடுறாங்க. மீறி உள்ளே விட்டா கடிச்சுப் பிடிச்சுக்கிறாங்க. பேஸ்ட்டைத் துப்பத் தெரியலை, விழுங்கிடுறாங்க. நாலு நாளா இடது பக்கம் மெல்லுறதே இல்லை. சேலத்துக்கு இறங்கணும்னா 20 கொண்டை ஊசி வளைவு, கட்டாயம் வாந்தி வரும். வாந்தி மாத்திரை அவோமின் கொடுத்துக் கூட்டிட்டுப் போகலாமா?

கன்னங்குறிச்சி நர்ஸ்:
முதல்ல அந்த இடது பக்கத்தைப் பாருங்க. நாலு நாளா ஒரு பக்கம் மெல்லலைன்னா அது பிடிவாதம் இல்லீங்க, பெரும்பாலும் வலிதான். "வலிக்குதா"ன்னு கேட்டா இல்லைன்னுகூடச் சொல்லலாம், அதை நம்பி விட்டுடாதீங்க. கன்னத்தைப் பிடிச்சுக்கிறது, சூடான காபியைத் தள்ளி விடுறது, பல்செட்டைக் கழற்றி வீசுறது, ராத்திரி திடீர்னு கத்துறது இதெல்லாம் வலிக்குதுன்னு அவங்க சொல்ற விதம். டார்ச் அடிச்சு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல பாருங்க: சீழ்க்கட்டி, உடைஞ்ச பல்லோட கூர்முனை, பல்செட் உராய்ஞ்ச புண். கன்னம் வீங்கிக் காய்ச்சல் இருந்தாலோ, எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாலோ அன்னைக்கே இறங்கிடுங்க.

இனி துலக்குற விஷயம். சாயங்காலம் குழப்பம் கூடுற நேரம், அப்போ தொடாதீங்க. காலை காபி குடிச்சு அமைதியா இருக்கும்போது ஒரு தடவை ஒழுங்கா துலக்கினா, ரெண்டு தடவை சண்டை போடுறதைவிட மேல். ஏற்காட்டுக் குழாய்த் தண்ணி பல்லுல பட்டாலே சுரீர்னு இருக்கும், வெதுவெதுப்பான தண்ணியா வெச்சுக்கோங்க. சாய்மானம் உள்ள நாற்காலியில நிமிர்ந்து உட்கார வெச்சு, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தணும். தலையை அண்ணாத்தினா தண்ணி நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரைக்கும் கொண்டு விடும். நீங்க நின்னுட்டுக் குனியாம, பக்கத்துல உட்காருங்க. உதடு வெடிச்சிருந்தா முதல்ல வாசலின்.

அந்தக் காலத்து ஆளுங்க விரலால பல்பொடி தேய்ச்சுத்தானே வளர்ந்தாங்க? மூளை மறந்ததைக் கை மறக்காது. ஒரு சிட்டிகை பல்பொடியை ஈரமாக்கி (காய்ஞ்ச பொடி மூச்சுக்குழல்ல போயிடும்) ஆள்காட்டி விரல்ல தடவி விடுங்க. கை தானா வாய்க்குப் போகும். நாலு தேய்ப்புக்கு அப்புறம் குழந்தைங்களோட சின்னத் தலை சாஃப்ட் பிரஷ்ஷைக் கையில கொடுத்து, அவங்க கை மேல உங்க கையை வெச்சு ஓட்டுங்க. அப்புறம் மெதுவா நீங்க வாங்கிக்கோங்க. அவங்க கைக்கு வேற ஒரு பிரஷ் கொடுத்துட்டா தட்டி விட மாட்டாங்க.

வாயை இறுக்கி மூடியிருந்தாலும் கன்னத்தை ஒதுக்கி வெளிப்பக்கத்தைத் துலக்கலாம், ஈறும் பல்லும் சேர்ற கோடு அங்கேதான் அதிகம் அழுகும். உள்பக்கம் கடைசி. கடிச்சுட்டா இழுக்கவே இழுக்காதீங்க, பல் உடையும். அப்படியே பிடிச்சுக்கிட்டு காதுக்கு முன்னால தாடை மூட்டை வட்டமா வருடுங்க, விட்டுடுவாங்க. பல்லுக்கு நடுவுல விரல் வேண்டாம். ஒத்துக்கலைன்னா பதினைஞ்சு நிமிஷம் விட்டுட்டு வேற ஆள் போகட்டும்.

ஈறும்_வேரும்:
நர்ஸ் சொன்னதுக்கு மேல சில விஷயம். (அந்தப் பல்பொடியில ஃபுளோரைடு கிடையாது. கையை வேலைக்குக் கூப்பிடத்தான் அது, துலக்க பேஸ்ட்தான்.) டப்பாவுல 1000 பிபிஎம் ஃபுளோரைடு இருக்கான்னு பாருங்க. விழுங்குற ஆளுக்கு அரிசி அளவு போதும். நுரை குறைவா வர்ற பேஸ்ட்டா எடுங்க, நுரை தொண்டைக்குப் போனா இருமல் வரும், அடுத்த நாள் வாயைத் திறக்க மாட்டாங்க. கொப்பளிக்கச் சொல்ல வேண்டாம். ஈரக் காஸ் துணியால மிச்சத்தைத் துடைச்சு எடுங்க. பஞ்சு வேண்டாம், நார் உள்ளே தங்கிடும்.

வாய்க் கிருமியைக் கொல்ற குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதத் திரவம் எழுதிக் கொடுத்தா வாயில ஊற்றாதீங்க. பிரஷ்ஷை அதுல நனைச்சு உதறிட்டுத் தடவுங்க. பேஸ்ட் போட்டு அரை மணி கழிச்சுத்தான், இல்லைன்னா பேஸ்ட்டோட நுரைப்பொருள் அதைச் செயலிழக்க வெச்சிடும். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல நீட்டினா பல்லுல பழுப்புக் கறை ஏறும்.

அவோமின் வேண்டாம். அது ப்ரோமெத்தசின். டோனிபெசில் எதைக் கூட்டுதோ அதையே இது தடுக்கும். குழப்பம், தள்ளாட்டம், வாய் உலர்ச்சி மூணும் வரும். க்வெட்டியாபின்னாலயே ஓரளவு வாய் உலரும். சிறுநீர் அடக்க ஆக்ஸிபியூட்டினின் சாப்பிட்டா அதுவும் இதே ரகம்தான், நிறுத்துறதா வேண்டாமான்னு நரம்பு டாக்டர்கிட்ட கேளுங்க. இறங்குறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி, முன் சீட், கண்ணாடி இறக்கி மெதுவா ஓட்டுங்க.

சேலத்துல அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை இருக்கு, அரியானூர்ல விநாயகா மிஷன் பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. முன்கூட்டியே போன்ல "மறதி நோயாளி, காலை முதல் நேரம் வேணும்"னு சொல்லிடுங்க. பழகின முகம் ஒண்ணு நாற்காலி பக்கத்துல நிற்கணும். மாத்திரைச் சீட்டு முழுசும் கொண்டு போங்க. ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இருந்தா நீங்களா நிறுத்தாதீங்க. எலும்பு அடர்த்திக் குறைவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசி போட்டிருந்தா பல் பிடுங்குறதுக்கு முன்னாடியே சொல்லணும், தாடை எலும்பு ஆறாம போற ஆபத்து இருக்கு. முழு மயக்கம்னு பேச்சு வந்தா டோனிபெசிலை மயக்க டாக்டர்கிட்ட சொல்லுங்க, தசை தளர்த்துற ஒரு மருந்தோட வேலையை அது நீட்டிக்கும்.

சொத்தை பல்லோட நரம்பு வரைக்கும் போகலைன்னா சில்வர் டயமின் ஃபுளோரைடு கேளுங்க. 38 சதவீதத் திரவம், ஊசியும் டிரில்லும் கிடையாது. தடவினா சொத்தை நிற்கும், ஆனா அந்த இடம் நிரந்தரமா கரி மாதிரி கறுக்கும், மறுபடி தடவ வேண்டி வரும். இந்த வயசுல கறுப்பு ஒரு குறையே இல்லைன்னு நினைக்கிறேன். சீழ் வெச்ச பல்லுக்கு இது உதவாது, எடுக்கத்தான் வேணும்.

மிளகுக்கொடி:
நன்றிங்க. கறுப்புப் பரவாயில்லை. ஜவ்வரிசிப் பாயசம் தினம் கேட்கிறாங்க, மெல்ல வேண்டாமேன்னு கொடுக்கிறேன். வெற்றிலையும் கேட்பாங்க. பல்செட் ரெண்டு தடவை தொலைஞ்சு கிடைச்சது, புதுசு கட்டலாமா?

கன்னங்குறிச்சி நர்ஸ்:
சேலத்துக்காரங்க கோவிச்சுக்கக் கூடாது, ஜவ்வரிசி கன்னத்துக்குள்ள பசை மாதிரி ஒட்டிட்டு சர்க்கரையோட மணிக்கணக்கா கிடக்கும். கொடுத்தா சாப்பாட்டோடயே கொடுத்துட்டு, காஸைச் சுத்தின பிரஷ் காம்பால ரெண்டு கன்னத்தையும் துழாவி எடுங்க. பாக்கு வேண்டவே வேண்டாம், தொண்டையில அடைக்கும். வெறும் வெற்றிலையைக்கூட நீங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும்.

புது செட் இப்போ வேண்டாம்னுதான் சொல்வேன். பழக முடியாது, கழற்றிப் போட்டுடுவாங்க. பழசு தளர்ந்திருந்தா உள்புறம் திருத்தித் தரச் சொல்லலாம், அப்படியே உள்புறத்துல பேரும் பதிக்கச் சொல்லுங்க. கழுவும்போது தொட்டியில துண்டு விரிச்சுக்கோங்க, கை நழுவினா ரெண்டாயிடும். சோப்பும் சாஃப்ட் பிரஷ்ஷும் போதும், வெந்நீர் பட்டா வளையும். ராத்திரி கழற்றி, மூடி போட்ட டப்பாவுல வெறும் தண்ணியில போட்டு உயரத்துல வைங்க. சுத்தம் பண்ற மாத்திரையை அவங்க கைக்கு எட்டுற இடத்துல வைக்காதீங்க, மிட்டாய்னு வாயில போட்டுக்குவாங்க. தொலைஞ்சா முதல்ல தலையணை உறை, அடுத்து குப்பைக் கூடையில சுருட்டிப் போட்ட பேப்பர்.