சோமாலிய மகளிர் கூடைப்பந்து அணியைத் தடுத்தது துப்பாக்கி மட்டும்தானா?

கேள்வி:
2011 டிசம்பரில் டோஹாவில் நடந்த அரபு விளையாட்டுப் போட்டிகளில், சோமாலிய மகளிர் கூடைப்பந்து அணி போட்டியை நடத்திய கத்தாரையே 67–57 என்ற கணக்கில் வென்றது. 1991 முதல் போரில் சிதைந்து கிடந்த நாட்டில் இந்தப் பெண்கள் எங்கே பயிற்சி எடுத்தார்கள்? அவர்களுக்குத் தடையாக இருந்தவை எவை? விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பதில் 1:
தலைநகர் மொகடிஷுவில் காவலர் பயிற்சிக் கல்லூரியின் மதிலுக்குள்தான் பந்தைத் தட்டிப் பழகினார்கள். அந்தச் சுவர்களிலேயே தோட்டா துளைத்த தடங்கள் இருந்தன. 2006 இல் தலைநகரைக் கைப்பற்றிய இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியம் பெண்கள் விளையாடுவதற்கே தடை விதித்தது. பின்னர் வந்த ஆயுதக் குழுக்களிடமிருந்து அணித்தலைவி சுவேஸ் அலி ஜாமாவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவற்றில் ஒன்றான அல்-ஷபாப் என்ற இஸ்லாமியத் தீவிரவாதக் குழு தலைநகரிலிருந்து பின்வாங்கியது 2011 ஆகஸ்டில்தான். நான்கே மாதத்தில் இவர்கள் டோஹாவில் ஆடினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.

பதில் 2:
முன்னவர் சொன்னது அனைத்தும் சரி. ஆனால் எப்போதும் துணிச்சலையே பேசி ஆட்டத்திறனை மறந்துவிடுகிறோம் என்பது என் வருத்தம். பத்துப் புள்ளி வித்தியாசத்தில் வெல்வதற்குக் குறி தவறாத கையும் நல்ல தற்காப்பும் வேண்டும். ஆபத்தும் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 2012 ஏப்ரலில் மொகடிஷு தேசிய நாடக அரங்கில் நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்பில் சோமாலிய ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏடன் யபாரோவ் வீஷ் கொல்லப்பட்டார். 2016 இறுதியில் சோமாலியாவின் கரோவே நகரில் மகளிர் கூடைப்பந்துப் போட்டி நடந்தபோது, அது சமயத்துக்கு எதிரானது என்று மதத்தலைவர்கள் கண்டித்தார்கள். அந்த முறை தடை துப்பாக்கியோடு வரவில்லை, அறிக்கையாக வந்தது.

பதில் 3:
வெளியிலிருந்து வந்த ஒரு தடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனம், பாதுகாப்பைக் காரணம் காட்டி, தலையை மூடி ஆடுவதை நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. தலையை மூடித்தான் ஆடுவோம் என்ற பெண்களுக்கு, உள்ளூர் மிரட்டலைத் தாண்டி வந்தாலும் களத்தின் வாசலில் இன்னொரு கதவு மூடியிருந்தது. டோஹாவில் தோற்ற அதே கத்தாரின் மகளிர் அணி, 2014 இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் முக்காட்டைக் கழற்ற மறுத்து, மங்கோலியாவுடன் ஆடாமலேயே வெளியேறியது. விதி மாறியது 2017 மே மாதத்தில். நடைமுறைக்கு வந்தது அக்டோபரில். டோஹா வெற்றிக்குப் பிறகு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு வீராங்கனையின் ஆட்ட வாழ்வில் அது எவ்வளவு பெரிய பகுதி!