வன்குடியெழுப்பல்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

மனித உரிமைக் களப்பணியாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதும்போது ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். மக்களை அவர்கள் வீட்டிலிருந்து கிளப்பிவிடுவதைக் குறிக்கும் "forced eviction" என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. வந்த மறுமொழிகளில் முக்கியமாக இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

> "கட்டாய வெளியேற்றம்" என்று செய்திகளில் ஏற்கெனவே எழுதுகிறார்கள். எல்லோருக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

புரிகிறது என்பது உண்மைதான் ஐயா. ஆனால் தவறாகப் புரிகிறது என்பதுதான் என் கவலை. ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1997இல் வெளியிட்ட 7ஆம் பொதுக் கருத்துரையில் இதற்கு வரையறை இருக்கிறது. தனி ஆட்களையோ குடும்பங்களையோ சமூகங்களையோ, அவர்கள் இருக்கும் வீட்டையோ நிலத்தையோ இரண்டையுமோ விட்டு, அவர்கள் விருப்பத்துக்கு மாறாக, நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ கிளப்பிவிடுவது. அதுவும் தக்க சட்டப் பாதுகாப்போ வேறு பாதுகாப்போ கிடைக்காதபடி செய்வது. கடைசிப் பகுதிதான் உயிர்நாடி. முறையான சட்டத்தின்படியும் மனித உரிமை உடன்படிக்கைகளுக்கு இணங்கவும் நடந்தால், காவலர்கள் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டாலும் அது இந்த வரையறைக்குள் வராது. ஒரு அடிகூட விழாமல், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தியே ஒரு குடியிருப்பைக் காலி செய்தால் வரும். "கட்டாயம்" என்ற சொல் பலத்தைத்தான் சொல்கிறது, பாதுகாப்பு இல்லாததைச் சொல்லவில்லை.

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் வந்ததல்ல. அந்தக் குழுவே தன் சொல் சிக்கலானது என்று அதே கருத்துரையில் ஒப்புக்கொள்கிறது. "Forced eviction" என்பதே கூறியது கூறல் என்றார்கள் சிலர். "சட்டவிரோத" என்று போடலாமென்றால், உள்நாட்டுச் சட்டமே பாதுகாப்புத் தராத இடத்தில் என்ன செய்வது? "நியாயமற்ற" என்றால் அது ஆளுக்கு ஆள் மாறும். எல்லாவற்றையும் எடைபோட்டுவிட்டுப் பழைய சொல்லையே வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வழக்கில் ஊன்றிவிட்ட சொல் அது. நமக்கு இன்னும் ஊன்றவில்லை. அதனால் இப்போதே யோசித்துவிடலாம் என்கிறேன்.

"வெளியேற்றம்" என்பதிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. புகை வெளியேற்றம், கழிவுநீர் வெளியேற்றம், வெள்ளத்தில் மக்களைக் காப்பாற்றி வெளியேற்றுவது எல்லாம் அந்த ஒரே சொல்லில் அடங்குகின்றன. காப்பாற்றுவதும் வீட்டை இடிப்பதும் ஒரே பெயரில் இருந்தால் பதிவு செய்பவர் தடுமாறுவார். "இடப்பெயர்வு" இன்னும் மோசம். பெயர்தல் தன்வினை. "மக்கள் இடம்பெயர்ந்தனர்" என்று எழுதியவுடன் செய்தவர் மறைந்துபோகிறார். கண்காணிக்கப் போகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வியே யார் செய்தது என்பதுதான். அந்தக் கேள்வியை விழுங்கிவிடும் சொல்லை, களப்பணியாளர் நிரப்பும் படிவத்தின் தலைப்பில் வைக்கக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

> அப்படியென்றால் "குடியகற்றல்" சரியாக வருமே? பிறவினைதானே?

இலக்கணப்படி சரி. ஆனால் எதை அகற்றுவோம் என்று யோசித்துப் பாருங்கள் அம்மா: குப்பையை, தடையை, ஆக்கிரமிப்பை. 2005இல் ஜிம்பாப்வே அரசு நகரங்களில் குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்த நடவடிக்கைக்கு "முராம்பட்ஸ்வினா" என்று பெயர். ஷோனா மொழியில் அதன் பொருள் ஏறக்குறைய "குப்பையை அகற்று". ஐ.நா. பொதுச்செயலாளரின் சிறப்புத் தூதராகப் போன அன்னா திபாய்ஜுகா, வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று அந்த ஜூலையில் அறிக்கை கொடுத்தார். இடித்தவர்கள் வைத்த பெயரின் சாயல், பாதிக்கப்பட்டவர்களுக்காக எழுதும் படிவத்தில் வரவேண்டாமே.

என் முன்மொழிவு "குடியெழுப்பல்". குடியெழும்புதல் அகராதியில் உள்ள சொல்தான். இருந்த இடத்தை விட்டுத் தானாகக் கிளம்புவது. எழும்பு, எழுப்பு என்று பிறவினையாக்கினால் செய்தவர் வந்துவிடுகிறார். இன்னொரு வசதியும் உண்டு. மறுவாழ்வுக்கு "மீள்குடியமர்த்தல்" என்று ஏற்கெனவே சொல்கிறோம். அமர்ந்தவரை எழுப்புவது, எழுப்பப்பட்டவரை மீண்டும் அமர்த்துவது என்று இரண்டும் தாமாகவே இணை சேர்கின்றன.

"வீடு எழுப்பினார்" என்றால் கட்டினார் என்று பொருளாகுமே, குழப்பாதா என்று கேட்பீர்கள். நானும் இரண்டு நாள் அதில் நின்றேன். எழுப்பப்படுவது சுவர் என்றால் கட்டுதல். உட்கார்ந்திருக்கும் ஆள் என்றால் கிளப்புதல். "குடி" இங்கே ஆளைக் குறிப்பதால் வாக்கியத்துக்குள் குழப்பம் வரவில்லை. தனித் தலைப்பாக நிற்கும்போது கொஞ்சம் இடறலாம், மறுக்கவில்லை.

பாதுகாப்பு இல்லாத குடியெழுப்பலுக்கு முன்னால் "வன்" சேர்க்கலாம்: வன்குடியெழுப்பல். "வன்" என்பதும் பலம்தானே என்று தோன்றும். ஆனால் வன்கொடுமை என்ற சட்டச்சொல்லில் அடி மட்டுமா இருக்கிறது? இழிவுபடுத்துவதும் அதில் அடங்குகிறது. அந்த முன்னொட்டு பலத்தோடு அநீதியையும் சேர்த்தே சுமக்கப் பழகிவிட்டது. பெருந்தொகையாக நடப்பது "திரள் வன்குடியெழுப்பல்".

கண்காணிப்பு என்ற சொல்லைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். கங்காணியும் கண்காணிப்புக் கேமராவும் நினைவுக்கு வருவதால் எனக்கும் நெருடல் உண்டு. ஆனால் "மனித உரிமைக் கண்காணிப்பு" நன்றாகவே நிலைத்துவிட்டது. அதை விட்டுவிடலாம்.

அப்புறம், சொல்லைப் படிவத்தில் வைத்துச் சோதித்தேன். வளர்ச்சித் திட்டங்களுக்காக மக்களைக் கிளப்புவது பற்றிய 2007ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டு நெறிகளிலிருந்து எடுத்த கேள்விகள் இவை: "குடியெழுப்பல் இரவில் நடந்ததா? மோசமான வானிலையில் நடந்ததா? பள்ளித் தேர்வுக்குச் சற்று முன்பா? குடியெழுப்ப வந்த அலுவலர்கள் தாங்கள் யார் என்று சொன்னார்களா? நடுநிலை நோக்கர்களை உள்ளே விட்டார்களா?" வாயால் படித்துப் பார்த்தேன், தடங்கல் இல்லை. "குடியெழுப்பப்பட்டோர்" மட்டும் நீளம். "குடியெழுப்புண்டோர்" என்று சுருக்கலாமா, அல்லது அது செய்யுள் நடைபோல ஒலிக்கிறதா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கையேட்டின் முதல் வரைவை இந்தச் சொற்களோடுதான் அனுப்பப்போகிறேன். அதற்குள் இதைவிட நல்ல சொல் யாருக்காவது கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.

அன்புடன்.