படுத்திருந்தால் 148, எழும்பினால் 112: நாடி ஏன் கூடவில்லை?

கரையோரம்:
வெள்ளவத்தையில் 71 வயது அம்மா ஒருவரைப் பராமரிக்கிறோம். 20 வருசமாகச் சீனி வருத்தம். விடிய எழும்பினால் தலைசுத்து, கண் இருட்டுது. 5 நிமிடம் படுக்கவிட்டு அளந்தால் 148/84, நாடி 76. எழும்பி நின்று 3ஆம் நிமிடம் 112/68, நாடி 79. படுக்கையில் 148 இருக்குதே, பிரஷர் குளிசையைக் கூட்டலாமா?

நாடிக்குறிப்பு:
நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எழும்பும்போது அரை லீற்றருக்கு மேல் இரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். கழுத்துக் குருதிக்குழாயிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை உடனே மூளைத்தண்டுக்குச் சொல்லும். இதயத்தை மெதுவாக்கும் பரபரிவு நரம்பு அதன் மேல் வைத்த பிடியைத் தளர்த்தும், அதற்கு எதிராக வேலை செய்யும் பரிவு நரம்பு நொர்அதிரனலின் என்ற இரசாயனத்தைச் சுரந்து குருதிக்குழாய்களை இறுக்கும். சாதாரணமாக நாடி நிமிடத்துக்கு 10, 15 கூடும்.

இந்த அம்மாவுக்கு மேல் அழுத்தம் 36 விழுந்தும் நாடி கூடினது 3தான். விழுந்த அளவில் பாதிகூட நாடி ஏறாவிட்டால் நரம்பில்தான் சந்தேகம். வயிற்றோட்டத்தால் நீர் வற்றியிருந்தால் நாடி துள்ளியிருக்கும். அட்டெனோலோல், பிசோப்ரோலோல் என்ற பிரஷர் குளிசைகள் போடுறாவா? அவையும் நாடியை அமுக்கும்.

கரையோரம்:
இரண்டும் இல்லை. கால் எரிவுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம் போடுறா.

நாடிக்குறிப்பு:
அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கோ. குருதிக்குழாய் இறுகுவதை அது தடுக்கும். சீனியால் ஏற்கெனவே பழுதான நரம்புக்கு அது இரட்டைச் சுமை. இந்த இரண்டு அளவையும் நேரத்தோடு எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ.

தெகிவளை வாசி:
கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரக் கட்டை வையுங்கோ. தலையணை அடுக்கினால் கழுத்துத்தான் மடியும். மட்டமாகப் படுத்தால் இரவில் அழுத்தம் ஏறி, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றிவிடும். விடியக்காலம் மோசமாக இருப்பது அதனால்தான்.

எழும்ப முதல் 2 கிளாஸ் தண்ணீர், கிட்டத்தட்ட அரை லீற்றர், ஒரே மூச்சில் குடிக்கக் குடுங்கோ. 5 நிமிடத்தில் அழுத்தம் ஏறத் தொடங்கும், அரை மணியளவில் உச்சம். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் மட்டுப்படுத்தியிருந்தால் இது வேண்டாம். பிறகு கட்டில் விளிம்பில் 2 நிமிடம் இருந்து, குதியை உயர்த்தி இறக்கி, கெண்டைக்காலை இறுக்கி எழும்பட்டும்.

சோறு சாப்பிட்டு 2 மணித்தியாலம் கூடுதல் கவனம், இரத்தம் குடல் பக்கம் போயிருக்கும். கொழும்பு வெக்கையில் தோலின் குழாய்களும் விரியும். சாப்பிட்ட கையோடு கோயில் வரிசையில் நிற்க விடாதேங்கோ.

கால் வறண்டு, சாப்பிடும்போது முகம் மட்டும் வியர்க்குதா? அதுவும் நரம்புப் பழுதின் அறிகுறியாக இருக்கலாம், டொக்டரிடம் சொல்லுங்கோ.