லயத்தில் பங்குபோடும் வைஃபை: டிஎன்எஸ் தானாக மாறியிருக்கிறது, பாஸ்வேர்ட் மாற்றினால் போதுமா?

டிக்கோயா_மூடுபனி:
எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) ஐந்து காம்பராவுக்கும் (அறை வீடு) ஒரே ஃபோர்ஜி ரவுட்டர். கொஞ்ச நாளாக வைஃபையில் வங்கிப் பக்கத்தைத் திறந்தால் சான்றிதழ் பிழை என்கிறது, ஃபோன் டேட்டாவில் ஒழுங்காகத் திறக்கிறது. ரவுட்டரின் அட்மின் பக்கமான 192.168.8.1 போய்ப் பார்த்தால், ஃபோன்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி பகுதியில் நாங்கள் யாரும் போடாத டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) எண் இருக்கிறது. அட்மின் பாஸ்வேர்ட் வாங்கியபடியே 'அட்மின்'தான். சிம் ரவுட்டருக்குள் வெளியாள் வரவே ஏலாது என்று கடையில் சொல்கிறார்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் சரியா?

கொட்டகலை_கம்பி:
கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி ஐபி 10-இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ நீங்கள் சிஜிநாட்டுக்கு (பல வாடிக்கையாளருக்கு ஒரே வெளி ஐபியைப் பங்குபோடும் முறை) பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 (பழைய வகை ஐபி முகவரி) வழியாக வெளியிலிருந்து நேரே அட்மின் பக்கத்துக்கு வர முடியாது. புதிய வகையான ஐபிவி6 முகவரியும் கிடைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை, ரவுட்டரின் ஃபயர்வாலைத்தான் நம்ப வேண்டும்.

ஆனால் இந்த வகைத் தாக்குதலுக்கு வெளியிலிருந்து வரத் தேவையே இல்லை. யாரோ ஒருவர் ஃபோனில் ஒரு திருட்டுப் படத் தளத்தைத் திறந்தால் போதும். அங்கே ஒளித்திருக்கும் ஸ்கிரிப்ட், அதே ப்ரவுசரைக் கொண்டு 192.168.8.1-க்கு 'அட்மின்' என்று லாகின் செய்து டிஎன்எஸ்ஸை மாற்றப் பார்க்கும். மாறிவிட்டால் வங்கிப் பெயரை அடித்தாலும் போலிப் பக்கத்துக்குப் போகலாம், சான்றிதழ் பிழை அதனால்தான் வரும். பழைய ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) பல, கோரிக்கை தன் சொந்தப் பக்கத்திலிருந்துதான் வந்ததா என்று பார்ப்பதில்லை. 2018-இல் கோஸ்ட்டிஎன்எஸ் என்ற தாக்குதல், இதையும் வேறு வழிகளையும் கொண்டு டிஎன்எஸ்ஸை மாற்றிய ரவுட்டர்கள் ஒரு லட்சத்துக்கு மேல், பெரும்பாலும் பிரேசிலில்.

அதனால் பாஸ்வேர்ட் மட்டும் போதாது. முதலில் ஏபிஎன் (சிம் கம்பெனியின் இணைய இணைப்பு அமைப்பு) விவரத்தை எழுதி வையுங்கள், ரீசெட்டில் அது அழிந்துபோகலாம். பிறகு சிம்மைக் கழற்றிவிட்டு, ரீசெட் துளைக்குள் ஓர் ஊசியை விட்டு விளக்குகள் அணைந்து எரியும்வரை அழுத்துங்கள். லேன் கேபிளில் மடிக்கணினியை மாட்டி, அட்மின் பாஸ்வேர்ட், வைஃபை பாஸ்வேர்ட் இரண்டையும் வேறு வேறாகப் போடுங்கள். டபிள்யூபிஎஸ் (பட்டன் அல்லது சிறு எண்ணால் வைஃபையில் இணைக்கும் வசதி), ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து அட்மின் பக்கத்தைத் திறக்கும் வசதி) இரண்டையும் நிறுத்திய பிறகே சிம்மைப் போடுங்கள். பழைய பேக்கப் கோப்பை மட்டும் திரும்ப ஏற்றாதீர்கள், கெட்ட டிஎன்எஸ்ஸும் அதோடு திரும்பி வரலாம்.

பண்டாரவளை_பிங்:
கம்பி அண்ணே சொன்னதில் கேபிள் விஷயத்தைச் சும்மா விட்டுவிட வேண்டாம். அநேக ரவுட்டர்களில் அட்மின் பக்கம் மறைகுறியாக்கம் இல்லாத ஹெச்டிடிபிதான், பூட்டுக் குறி வராது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபைப் பூட்டு முறையில் வைஃபை பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர், உங்கள் ஃபோன் இணையும் நேரத்துப் பொட்டலங்களைப் பிடித்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் அனுப்புவதைப் பிரித்துப் படிக்கலாம். ஐந்து காம்பராவுக்கும் அந்தப் பாஸ்வேர்ட் தெரியும், கூடவே வந்துபோகும் சொந்தக்காரருக்கும். சில மாடல்கள் பாஸ்வேர்டை ஜாவாஸ்கிரிப்டில் குழப்பி அனுப்பும், ஆனாலும் செஷன் குக்கி (நீங்கள் லாகின் ஆனவர் என்று காட்டும் குறி) அப்படியே கிடைக்கும். கேபிளில் போனால் இந்தத் தலையிடி இல்லை.

மற்ற நான்கு காம்பராவுக்கும் கெஸ்ட் வைஃபை (விருந்தினருக்கென்று தனியாகப் பிரித்த வைஃபை) கொடுங்கள். கொடுத்துவிட்டு, கெஸ்ட்டில் இணைந்த ஃபோனில் 192.168.8.1 அடித்துப் பாருங்கள். லாகின் பக்கம் வந்தால் அந்த கெஸ்ட் பெயருக்குத்தான்.

டிக்கோயா_மூடுபனி:
ரீசெட் செய்து டிஎன்எஸ் சரியாகிவிட்டது அண்ணே. ஆனால் இரண்டு ஃபோனில் இன்னும் அதே பிழை வருகிறது. ஃபர்ம்வேர் அப்டேட் ஒன்றும் காட்டுகிறது, போடவா?

கொட்டகலை_கம்பி:
அந்த ஃபோன்கள் பழைய டிஎச்சிபி விவரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபையை 'மற' கொடுத்துத் திரும்ப இணையுங்கள். அப்படியும் வந்தால் ஃபோனிலேயே கையால் போட்ட டிஎன்எஸ் இருக்கிறதா பாருங்கள். அதுவரை எச்சரிக்கையைத் தாண்டி "தொடர்க" அழுத்த வேண்டாம். ஏற்கெனவே யாராவது அழுத்தி வங்கிப் பாஸ்வேர்ட் அடித்திருந்தால் ஃபோன் டேட்டாவில் போய் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

ஃபர்ம்வேர் போடத்தான் வேண்டும். 2014-இல் வெளிவந்த ரோம்-0 ஓட்டையில், லாகினே செய்யாமல் ஒரு கோப்பை இறக்கி அதிலிருந்து அட்மின் பாஸ்வேர்டை எடுக்க முடிந்தது. அந்த மாதிரி ஓட்டைக்கு எவ்வளவு நீளமான பாஸ்வேர்ட் வைத்தும் பிரயோசனமில்லை. ஆனால் பின்னேர இடிமழையில் தொடங்காதீர்கள், பாதியில் கரண்ட் போனால் ரவுட்டர் செத்துவிடலாம். காலையில், கேபிளில் போடுங்கள். முடிந்ததும் டபிள்யூபிஎஸ் திரும்பவும் ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், சில மாடல்களில் அது நடக்கும்.