மொட்டைமாடிக் கரியடுப்புக்குச் சிவப்பு ஒயின் சரிப்படுமா?

பாளை_மொட்டைமாடி:
பொங்கல் விடுமுறைக்கு அண்ணன் தம்பி, மச்சான்மார் எல்லாரும் பாளையங்கோட்டை வீட்டில் கூடுகிறோம். மாடியில் கரியடுப்பு. வெள்ளாட்டுச் சாப்ஸ், நாட்டுக்கோழி, உவரியிலிருந்து வரும் பாறை மீன். மசாலா அம்மாவுடையது: வற்றல், மல்லி, சீரகம், நல்லமிளகு வறுத்து அரைத்து எலுமிச்சை பிழிந்தது. "கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை" என்று சொல்லி மூத்த மச்சான் நாசிக் கேபர்னே என்ற சிவப்பு ஒயின் நான்கு பாட்டில் வாங்கி வைத்துவிட்டார். எனக்கு அது ஒத்துவரும் என்று தோன்றவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சிவப்புக்_கோப்பை:
மச்சான் பக்கம்தான் நான். சிவப்பு ஒயினில் உள்ள டானின்தான் நாக்கில் துவர்க்கிறது. கறியின் புரதமும் கொழுப்பும் அதைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு அடங்கி ஒயின் வழவழப்பாகிவிடும். அர்ஜென்டினாக்காரர்கள் விறகு நெருப்பில் மாட்டிறைச்சி சுட்டு மால்பெக் என்ற சிவப்பு ஒயின் குடிப்பது சும்மா இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஓக் பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டித்தான் ஒயின் ஊற்றி வைப்பார்கள். அப்போது வரும் குவையகோல் என்ற மணப்பொருள் விறகுப் புகையிலும் உண்டு. சுட்ட கறியும் பீப்பாய் ஒயினும் ஒட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மொசெல்_கரையான்:
ஊர் அம்பாசமுத்திரம், பிழைப்பு ஜெர்மனியில். அர்ஜென்டினாக்காரர்கள் ஆசாதோ என்று சொல்லும் அந்தச் சுட்ட கறி விருந்தில் கறிமேல் விழுவது பெரும்பாலும் கல்லுப்பு மட்டும்தான் அண்ணாச்சி. அங்கே வற்றல் எங்கே இருக்கிறது? நம் நாக்கில் சூட்டை உணரும் வாசல் ஒன்று உண்டு. சுமார் 42 டிகிரியில் திறந்து "சுடுகிறது" என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் காப்சைசினும் அதே வாசலைத்தான் தட்டுகிறது. ஆல்கஹால் பட்டால் அது சுமார் 34 டிகிரியிலேயே திறந்துகொள்ளும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். உடம்புச் சூடே 37! கேபர்னேயில் ஆல்கஹால் 13, 14 சதவீதம் இருக்கும், அதோடு துவர்ப்பும் சேர்ந்தால் எரிகிற வாய்க்கு எண்ணெய்தான். இங்கே மொசெல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் கபினெட் என்ற வெள்ளை ஒயின் 8, 9 சதவீதம்தான் வரும். லேசான இனிப்பு, நல்ல புளிப்பு. வற்றல் மசாலாவுக்கு அதுதான் பொருத்தம். அங்கே கிடைப்பதில் என்றால், கொஞ்சம் இனிப்பு நிற்கிற செனின் பிளாங்க் வெள்ளை ஒயின் வாங்கி நன்றாகக் குளிர வையுங்கள்.

தென்காசி_சாரல்:
சாப்ஸுக்கு இனிப்பு ஒயினா? பாயசத்தைத் தொட்டுக் கறி தின்னச் சொல்கிறீர்களே!

சிவப்புக்_கோப்பை:
அதேதான் நானும் கேட்கிறேன். தம்பி, உங்கள் கணக்கு மிளகாயே தின்னாதவன் நாக்குக்குப் போட்ட கணக்கு. நாம் சிறு வயதிலிருந்து வற்றல் தின்று வளர்ந்தவர்கள். தொடர்ந்து தின்றால் அந்த வாசல் மரத்துப்போகும், அதுவும் ஆய்வில் கண்டதுதான். அப்புறம், கொஞ்சம் எரிந்தால்தானே நமக்குச் சாப்பிட்ட திருப்தி? எரிச்சலை அணைக்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

மொசெல்_கரையான்:
எரிச்சலை விடுங்கள். எலுமிச்சைக்கு என்ன செய்வீர்கள்? புளிப்பான சாப்பாட்டோடு அதைவிடப் புளிப்புக் குறைந்த ஒயினைக் குடித்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். பழ மணம் போய் துவர்ப்பும் சாராய நெடியும்தான் மிஞ்சும். நான்கு பாட்டில் விலைக்கு அது போதுமா? கறி எது என்று பார்த்து ஒயின் வாங்குவதே தப்பு. மேலே என்ன தடவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உவரி_மதினி:
ஆம்பிளைகள் கறியிலேயே நிற்கிறீர்கள், பாறை மீனை யாரும் கேட்கவில்லை. மீனோடு சிவப்பு குடித்தால் வாயில் துருப்பிடித்த கவுச்சி வருமே, அதற்குக் காரணம் ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு என்று 2009-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரும்புச் சத்து குறைந்த சிவப்பு என்றால் அவ்வளவு தெரியாது, ஆனால் பாட்டில் மேல் அதை யார் எழுதுகிறார்கள்? மீனுக்கு வெள்ளைதான், இதில் எனக்கு மறுபேச்சில்லை.

சூட்டையும் பாருங்கள். சிவப்பை 16, 18 டிகிரியில் குடிக்க வேண்டும். பாளையில் தை மாத ராத்திரியிலும் அவ்வளவு குளிராது, இதில் அடுப்பு வேறு பக்கத்தில். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மாடிக்குக் கொண்டு போங்கள். கரி சீமைக்கருவேலமா? டெக்சாஸ்காரர்கள் பார்பிக்யூவுக்குப் போடும் மெஸ்கீட் அதற்குச் சொந்தக்கார மரம்தான். ஊரெல்லாம் திட்டுகிற மரம், அடுப்பில் மட்டும் நல்ல பிள்ளை. விறகாகப் போட்டால் தணலாகும் வரை கறியை வைக்காதீர்கள், புகை கசந்துவிடும்.

மச்சான் பாட்டிலை வீணாக்க வேண்டாம். சாப்ஸில் பாதிக்கு உப்பும் இடித்த நல்லமிளகும் மட்டும் தடவுங்கள். மிளகும் உறைக்கும், ஆனால் வற்றல் அளவுக்கு இல்லை. கேபர்னே அதோடு போகும்.

பாளை_மொட்டைமாடி:
மதினி, "மசாலா இல்லாமல் பாதி எடுத்து வையுங்கள்" என்று அம்மாவிடம் போய்ச் சொல்ல இந்த வீட்டில் யாருக்குத் தைரியம்?

தென்காசி_சாரல்:
ஒயினே எதற்கு? புளியரை தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை. இறக்கிய அன்றைக்கே குடித்தால் இனிப்பும் புளிப்பும் சேர்ந்து, போதையும் குறைவு. மொசெல்காரர் கேட்கிற குணமெல்லாம் அதில் இருக்கிறது. நம் பக்கம்தான் தடை.

மொசெல்_கரையான்:
இதை மறுக்க முடியவில்லை. பனையேறுகிறவன் ஊரில் கள்ளுக்குத் தடை, கேபர்னேக்குக் கடை!

டவுண்_பெரியவர்:
சுட்ட கறிக்கு மோரும் சின்ன வெங்காயமும் போதும். மாடியில் குடித்துவிட்டு யாரும் வண்டியை எடுக்காதீர்கள், ராத்திரி அங்கேயே படுங்கள்.

பாளை_மொட்டைமாடி:
பெரியவர் சொன்னபடி பாய் தலையணையெல்லாம் தயார். அம்மாவிடம் அக்காவை அனுப்பினேன், சாப்ஸில் பாதி மிளகுக்கு ஒதுக்கியாகிவிட்டது. கோழி அம்மா மசாலாதான், அதற்கும் மீனுக்கும் செனின் பிளாங்க் இரண்டு சொல்லியிருக்கிறேன். கேபர்னேயில் இரண்டைத் திறக்காமல் வைக்கலாம் என்றால் மச்சான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

சிவப்புக்_கோப்பை:
அந்த இரண்டையும் கோழிக்குத் திறக்கச் சொல்லுங்கள். மீன் விஷயத்தில் மதினி சொல்வது நடக்கட்டும். கோழிக்கு நான் மச்சான் பக்கம்தான்.