ஐந்து பேர், ஐந்து வீடு, ஒரே புத்தகம்: கூகுள் டாக்ஸா, சொந்தக் கணினியா?

ஒற்றெழுத்து:
வணக்கம். பதிப்பகங்களுக்குத் தட்டச்சும் மெய்ப்பும் செய்து கொடுக்கும் சின்னக் குழு எங்களுடையது. ஐந்து பேர். நான் மதுரை, மற்ற நால்வரும் நாலு ஊர். அலுவலகம் கிடையாது, அவரவர் வீடுதான். இதுவரை கோப்பை ஒருவருக்கொருவர் அனுப்பியே ஓட்டிவிட்டோம். போன மாதம் மாட்டிக்கொண்டோம். 280 பக்க நாவலில் 7, 8ஆம் அத்தியாயங்களுக்கு ஒருவர் போட்ட திருத்தம் இன்னொருவர் கோப்பில் சேரவே இல்லை. பழைய கோப்பு அச்சுக்குப் போய்விட்டது. பிழைதிருத்தத் தாள் அடித்து ஒட்டிக் கொடுத்தோம், கைக்காசில்.

இனிமேல் எல்லாரும் ஒரே இடத்தில் வேலை பார்க்க வழி வேண்டும். மாதம் 500 ரூபாய்க்கு மேல் தாங்காது. இரண்டு பேருடைய கணினி ரொம்பப் பழசு. ஒருவர் பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில்தான் அடிப்பார். என்ன செய்யலாம்?

மேகநாதன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கூகுள் டாக்ஸ். கோப்பை அனுப்புகிற வேலையே இல்லை, எல்லாரும் திறப்பது ஒரே கோப்பு. மெய்ப்பு பார்ப்பவர் பரிந்துரை முறையில் திருத்தினால் அடித்ததும் சேர்த்ததும் தனி நிறத்தில் நிற்கும். நீங்கள் பார்த்து ஏற்கலாம், தள்ளலாம். யார் எப்போது எதை மாற்றினார் என்பது பதிப்பு வரலாற்றில் இருக்கும். உங்கள் 7ஆம் அத்தியாயப் பிரச்சினை அங்கே நடக்கவே வழியில்லை. இலவசமாகவே 15 ஜிபி. மின்னஞ்சலும் படங்களும் அதே 15-க்குள்தான் என்றாலும், எழுத்துக்கு அது கடல்.

இன்னொன்று. பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து கூகுளின் கோப்புக் கிடங்கான டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாகவே மாற்றிக் கொடுக்கும். தமிழ் விக்கிமூலத்துக்குத் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களை இந்த எழுத்துணரியை வைத்துத்தான் ஏற்றினார்கள். மறுபதிப்பு வேலை வந்தால் பாதித் தட்டச்சு மிச்சம்.

டிடிபி அண்ணாச்சி:
தம்பி மேகநாதன் பேருக்கேத்த மாதிரி மேகத்துலயே, அதான் கிளவுட்னு சொல்ற இணையக் கிடங்குலயே, நிக்காரு. சிவகாசியில 26 வருசமா பக்கம் கட்டுறேன், கொஞ்சம் தரைக்கு வாங்க.

அம்மா, ஒரு பெரிய நிறுவனத்தோட சேவையில மூணு வருச வேலையை வச்சிருந்தேன். ஒருநாள் காலையில கணக்கு முடக்கம். ஏன்னு சொல்லலை. யார்ட்ட கேக்க? போன் நம்பர் கிடையாது, படிவம் ஒண்ணு இருக்கு, அதை நிரப்பினா எந்திரம் பதில் சொல்லுது. 11 நாள். அச்சகத்துக்காரன் வாசல்ல நிக்கான்.

நான் சின்ன ஆளு, விடுங்க. 2025 ஜூலையில நயாரா எனர்ஜிக்கு என்ன ஆச்சு? குஜராத்துல வாடிநார்ல பெரிய சுத்திகரிப்பு ஆலை வச்சிருக்கிறவங்க. ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டதும் மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்திட்டாங்க. காசு கட்டின சேவை. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் திரும்ப வந்தது. அவங்களுக்கு வக்கீல் இருக்காங்க. நமக்கு?

வாடகை வீட்டுல குடியிருக்கலாம், நகையைச் சுவத்துக்குள்ள வச்சுப் பூசக்கூடாது.

பெங்குவின்:
அண்ணாச்சி சொல்வதோடு ஒத்துப்போகிறேன். சிங்க்திங் பாருங்கள். கட்டற்ற மென்பொருள். நடுவில் எந்த நிறுவனத்தின் கிடங்கும் இல்லாமல் ஐந்து கணினிகளின் கோப்புறைகளும் நேரடியாக ஒன்றோடொன்று ஒத்துக்கொள்ளும். எழுத லிப்ரே ஆபிஸ். செலவு பூஜ்யம்.

மேகநாதன்:
பூஜ்யம்தான், தூக்கமும் பூஜ்யம். சிங்க்திங்கில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் கோப்பு கைமாறும். ஒருவர் பகலில், ஒருவர் பிள்ளைகள் தூங்கியபின் இரவு பத்துக்குமேல் என்றால் இவர்கள் கணினிகள் சந்திப்பது எப்போது? இருவரும் ஒரே கோப்பைத் திருத்திவிட்டால் அது முரண்பாட்டுக் கோப்பு என்று இன்னொன்றை உண்டாக்கிப் பக்கத்தில் வைக்கும். அவர்கள் எதிலிருந்து தப்பிக்க நினைக்கிறார்களோ, அதே குழி.

சொந்தக் கட்டடத்தில் வைத்தால் பத்திரமா? 2025 செப்டம்பர் 26, தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் சாம்பல். அரசாங்கமே தன் கட்டடத்தில் வைத்திருந்தது, அண்ணாச்சி.

டிடிபி அண்ணாச்சி:
அடிச்சாரு பாருங்க சேம் சைடு கோல். அந்த எரிஞ்சதோட பேரு ஜி-டிரைவ். அதுவே கிளவுட்தான் தம்பி! கணினியில வைக்காதீங்க, எல்லாத்தையும் மேல வைங்கன்னு ஊழியர்களுக்குச் சொல்லியிருந்தாங்க. சொன்ன பேச்சைக் கேட்டவங்களோடது எல்லாம் போச்சு. கேக்காம தன் மேசையிலயும் ஒரு நகல் வச்சிருந்தவன் தப்பிச்சான்.

பெங்குவின்:
இருவருமே ஒரே தீயில் குளிர்காய்கிறீர்கள் :) அங்கே எரிந்தது கிளவுட்டா கட்டடமா என்பதல்ல விஷயம். வேறு இடத்தில் இரண்டாவது நகல் இல்லை. இதற்கு நேர் எதிர் 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதி. கூகுள் கிளவுட்டில் இருந்த அவர்கள் அமைப்பே ஒரு தவறான அமைவால் அழிந்துபோனது. வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்ததால் மீண்டார்கள்.

சிங்க்திங் பற்றி மேகநாதன் சொன்னதில் பாதி சரி, ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றை நானே சொல்லிவிடுகிறேன்: ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் ஐந்து இடத்திலும் அழியும். பழைய பிரதிகளை வைத்திருக்கும் வசதியை நாமாகத்தான் இயக்க வேண்டும்.

தென்காசிச் சாரல்:
நம் ஊர் மென்பொருள் நிறுவனம் சோஹோ பற்றி ஏன் யாரும் பேசவில்லை? சோஹோ ரைட்டர் 2005 முதல் இருக்கிறது, டாக்ஸில் செய்வதெல்லாம் இதிலும் செய்யலாம். இந்தியக் கணக்குகளுக்குத் தரவு மையம் சென்னையிலும் மும்பையிலும். எங்கள் மத்தளம்பாறையில் வயல் நடுவே அலுவலகம் வைத்து நடத்துகிறார்கள். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சலே அவர்கள் தளத்துக்குப் போய்விட்டது. நயாராவுக்கு நடந்தது இங்கே நடக்காது.

டிடிபி அண்ணாச்சி:
நம்ம ஊரு ஆளுங்க, பெருமைதான். வெளிநாட்டுத் தடை விசயத்துல நீங்க சொல்றது சரி. ஆனா மத்தளம்பாறையில இருந்தாலும் அடுத்தவன் வீடு அடுத்தவன் வீடுதானே?

தேனிக்காரி:
எல்லா அண்ணன்களும் கொரியா வரைக்கும் போயிட்டு வந்துட்டீங்க. நான் இந்த வேலையை நிஜமாவே வீட்டுல உட்கார்ந்து பாக்குறவ. பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி. சில விசயம் சொல்றேன்.

கரண்ட் போனா மோடமும் போயிடும். அப்புறம் போன் நெட்தான். டாக்ஸ்ல ஆஃப்லைன் வசதி இருக்கு, ஆனா நெட் இருக்கும்போதே அதைப் போட்டு வச்சிருக்கணும், குரோம் இல்லன்னா எட்ஜ் வேணும். இருட்டுல உட்கார்ந்துகிட்டு அதைத் தேடினா கிடைக்காது. முதல் நாளே எல்லார் கணினியிலயும் நீங்களே போன்ல சொல்லிச் சொல்லிப் போட வச்சிருங்க ஒற்றெழுத்து அக்கா.

280 பக்கத்தையும் ஒரே கோப்பா வைக்காதீங்க. டாக்ஸ்ல ஒரு கோப்புக்கு 10.2 லட்சம் எழுத்துதான் உச்சவரம்பு. உங்க நாவல் அதுக்குள்ள வந்துரும், ஆனா பழைய கணினி நூறு பக்கத்துக்கே மூச்சு வாங்கும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு.

அஞ்சு பேரும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல்னு மட்டும் வேணாம். முன்னாடி இருந்த இடத்துல அப்படித்தான். ஓடிபி முதலாளி போனுக்கு வரும். அவர் குலதெய்வம் கும்பிடப் போயிட்டா நாங்க நாலு பேரும் சும்மா இருப்போம், கூலியும் கிடையாது. நாள் பூரா கேமராவைப் போட்டு வச்சு உட்காரச் சொன்னதும் அவரேதான்.

கேமரா இல்லாமலே பதிப்பு வரலாறுல நான் ராத்திரி ஒண்ணரைக்கு என்ன அடிச்சேன்னு உங்களுக்குத் தெரியும். அதைத் திருத்தத்துக்கு மட்டும் பாருங்க, ஆளை அளக்கப் பாக்காதீங்க.

ஒற்றெழுத்து:
கடைசி வரி சுட்டது. நாங்களும் பக்கக் கணக்குதான், எப்போது அடித்தார்கள் என்பது எனக்கு எதற்கு? ஆனால் நீங்கள் சொல்லும்வரை அது அங்கே தெரியும் என்றே யோசிக்கவில்லை. குழுவில் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன்.

பாமினிக்கு யாரும் வழி சொல்லவில்லையே?

மேகநாதன்:
விடச் சொல்லுங்கள். டாக்ஸில் நம் எழுத்துருவை ஏற்ற முடியாது. பாமினிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும், தேடவும் முடியாது. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிய உதவும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசே 2010-ல் ஏற்றுக்கொண்டது. இத்தனை வருடம் கழித்தும் பாமினி என்றால் எப்படி?

டிடிபி அண்ணாச்சி:
எப்படின்னா, பக்கம் கட்டுற பழைய மென்பொருள்ல யூனிகோட் தமிழை ஊத்தினா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடும். அதனாலதான் எங்க தலைமுறையே பாமினியில நின்னுது, சோம்பேறித்தனத்துல இல்லை. இப்ப புது இன்டிசைன்ல இந்திய மொழிக்கான கம்போசரைப் போட்டா ஒழுங்கா நிக்குது, மறுக்கலை.

அந்த அம்மாவுக்கோ ஐயாவுக்கோ பாமினி எழுத்துருவா பழக்கம், பாமினி விசைப்பலகையா? இதை யாரும் கேக்கலையே. விரலுக்குப் பழகினது விசைதான். என்எச்எம் ரைட்டர்னு ஒரு தட்டச்சு மென்பொருள், அதுல பாமினி விசைப்பலகையே இருக்கு. விரல் அதே இடத்துல தட்டும், திரையில விழுறது யூனிகோட். பத்து நிமிசத்துல பழகிரும்.

பழைய கோப்பை மாத்த என்எச்எம் கன்வர்ட்டர். ஒரு எச்சரிக்கை: நடுவுல ஆங்கிலச் சொல் இருந்தா அதையும் பாமினின்னு நினைச்சுத் தமிழாக்கிக் கொத்துக்கறி போட்டுரும். மாத்தின பிறகு ஆங்கிலம் வர்ற இடத்தையெல்லாம் கண்ணால பாக்கணும்.

மேகநாதன்:
இது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நன்றி.

டிடிபி அண்ணாச்சி:
நன்றியெல்லாம் இருக்கட்டும். உங்க டாக்ஸைப் பத்தியும் ஒண்ணு சொல்றேன், மறுங்க பாப்போம். டிரைவைக் கணினியில இறக்கி வச்சு, அந்தக் கோப்புறையை அப்படியே பென் டிரைவ்ல நகலெடுக்காங்கல்ல? அதுல வர்ற ஜிடாக் கோப்புல ஒரு எழுத்து கிடையாது. வெறும் முகவரிச் சீட்டு. நெட்டும் கணக்கும் இருந்தாத்தான் திறக்கும். நகல் இருக்குன்னு நிம்மதியா தூங்குறவன் எத்தனை பேரோ.

மேகநாதன்:
மறுக்க முடியாது, அது உண்மைதான். ஆனால் வழி இருக்கிறது. கோப்பைத் திறந்து வேர்ட் வடிவில் இறக்கலாம். மொத்தமாக வேண்டுமென்றால் கூகுள் டேக்அவுட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என ஓராண்டுக்குத் தானாகத் தயாரித்து இறக்கும் சுட்டியை அனுப்பும்.

டிடிபி அண்ணாச்சி:
ரெண்டு மாசத்துல ஒரு புத்தகமே முடிஞ்சிரும்.

மேகநாதன்:
சரி, வாரம் ஒருமுறை கையால் இறக்கட்டும். உரிமை விஷயமும் உண்டு: தனிநபர் கணக்கில் கோப்பு யார் உருவாக்கினாரோ அவருடையது. அவர் விலகிக் கணக்கை அழித்தால் கோப்பும் போகும். அதனால் எல்லாக் கோப்பையும் ஒற்றெழுத்து அம்மாவே உருவாக்கி, நால்வரின் மின்னஞ்சலுக்கு மட்டும் பகிர வேண்டும். சுட்டி வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டால், வெளிவராத நாவல் ஊர் முழுக்கப் போய்விடும்.

பெங்குவின்:
வாட்ஸ்அப் குழு, டாக்ஸ், பிறகு பேச ஜூம் என்று அடுக்காதீர்கள். ஜூம் இலவசத்தில் 40 நிமிடம்தான். குழுவாகப் பேசும் ஸ்லாக் செயலியின் இலவசத்தில் 90 நாளுக்கு முந்திய பேச்சைப் பார்க்க முடியாது. ஸ்கைப் 2025 மே மாதம் மூடியே விட்டார்கள். எழுத்தைப் பற்றிய பேச்சை அந்த எழுத்தின் ஓரத்திலேயே கருத்தாக எழுதுங்கள், மற்றதுக்கு தொலைபேசி போதும்.

தென்காசிச் சாரல்:
கடைசிவரை சோஹோவை யாரும் முயன்று பார்க்கவில்லை. பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒற்றெழுத்து:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். டாக்ஸ்தான் எடுத்தோம், அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, எல்லாம் என் கணக்கில். சாரல், எங்களில் நால்வருக்குக் கூகுள் கணக்கு ஏற்கெனவே கைப்பேசியில் இருந்தது, வேறு காரணம் இல்லை. பாமினிக்காரர் ஒரு மாலையில் விசைப்பலகையை மாற்றிக்கொண்டார், "இதை ஏன் பத்து வருசத்துக்கு முன்னாடி யாரும் சொல்லலை?" என்று என்னைத் திட்டினார். மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை. பட்ஜெட்டில் இருந்த 500 ரூபாயைச் சேர்த்து நகல் வைக்க வெளிவட்டு (எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்) வாங்கப் போகிறோம். அதுவரை ஞாயிற்றுக்கிழமை நகல் என் கணினியிலும் தேனியில் ஒருவர் கணினியிலும், வேர்ட் வடிவில். முதல் நகல் நேற்று எடுத்தாகிவிட்டது.

டிடிபி அண்ணாச்சி:
எடுத்தீங்க சரி. நெட்டை அணைச்சிட்டு ஒண்ணைத் திறந்து பாத்தீங்களா?

ஒற்றெழுத்து:
இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.