புரொக்சி ரீ-என்கிரிப்ஷனுக்குத் தமிழில் என்ன சொல்?

உவர்மலையிலிருந்து:

வணக்கம். நோயாளர் பதிவுப் பகிர்வுக் கையேட்டில் இந்தச் சொல்லில்தான் நிற்கிறோம்: ஒருவருக்கென்று மறைத்ததை, உள்ளடக்கத்தைப் பார்க்காமலே, இன்னொருவர் திறக்கக்கூடியதாக இடையிலுள்ள ஒரு சேர்வர் மாற்றும் முறை இது. "பதிலி மறுமறையாக்கம்" என்றால் பூட்டியதன் மேல் இன்னொரு பூட்டு என்றே விளங்கிக்கொள்வார்கள்.

கிண்ணியாவில் எடுத்த ஸ்கேனைத் திருகோணமலையிலுள்ள வைத்தியர் பார்க்க வேண்டும் என்று வைப்போம். ஸ்கேன், ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையின் 32 பைட் நீளமான திறப்பால் (சாவியால்) மறைக்கப்பட்டு வைத்தியசாலைச் சேர்வரில் கிடக்கும். புளொக்செயினில் (பலரிடம் பிரதியாக இருக்கும் பொதுப் பதிவேட்டில்) ஏறுவது அதன் ஷா-256 ஹாஷும் (கைரேகை போன்ற சுருக்கக் குறியும்), யாருக்கு அனுமதி என்ற குறிப்பும் மட்டும். அந்த ஏஇஎஸ் திறப்பை நோயாளியின் பகிரங்கத் திறப்பு மறைத்திருக்கும்; பகிரங்கத் திறப்பால் யாரும் மறைக்கலாம், விடுவிக்க அவரிடம் மட்டுமுள்ள இரகசியத் திறப்பு வேண்டும். நோயாளி சம்மதித்ததும் அவருடைய கைபேசி, தன் இரகசியத் திறப்பையும் வைத்தியரின் பகிரங்கத் திறப்பையும் கொண்டு ஒரு மாற்றுத் திறப்பை ஆக்கி இடைச் சேர்வருக்கு அனுப்பும். அதை வைத்து, மறைந்திருக்கும் ஏஇஎஸ் திறப்பை வைத்தியர் திறக்கக்கூடிய வடிவுக்குச் சேர்வர் மாற்றும். உள்ளே இருப்பதை அது காணாது. ஸ்கேன் பல நூறு மெகாபைட் ஆனாலும் மாறுவது அந்தச் சின்னத் திறப்பின் உறைதான்.

"பூட்டுமாற்று" எப்படி?

கிண்ணியாவிலிருந்து:

அண்ணன், பூட்டை மாற்றினால் பழைய திறப்பு உதவாதே. இங்கே மூலம் அப்படியே இருக்கும்; நோயாளி எப்போதும்போல் திறக்கலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. அனுமதியை மீளப்பெற்றால் பூட்டு மறுபடி மாறிவிடும், வைத்தியரால் பார்க்க முடியாது என்று நோயாளி நம்பிவிடுவார். ஏஇஎஸ் திறப்பு ஒருமுறை கைக்குப் போய்விட்டால் அந்தப் பதிவைத் திருப்பி மூட வழியில்லை. இனி வரும் பதிவுகளுக்குத்தான் புதிய திறப்புப் போடலாம். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

மூலம் இருக்க இன்னொரு வடிவம் பிறப்பது மொழிபெயர்ப்பில். "பூட்டுப்பெயர்ப்பு"?

உவர்மலையிலிருந்து:

பூட்டைப் பெயர்த்தல் களவல்லவா, தம்பி! ஆனால் "பெயர்ப்பு" நல்ல பிடி. "மறைபெயர்ப்பு"?

மூதூரிலிருந்து:

மறைமாவட்டம், மறைக்கல்வி என்று புழங்கும் ஊரில் அது வேதாகம மொழிபெயர்ப்பாகக் கேட்கும். "மறைகுறிப்பெயர்ப்பு" என்போம். நீளம்தான், பொருள் பிசகாது. மாற்றுத் திறப்புக்குப் "பெயர்ப்புத் திறப்பு", இடைச் சேர்வருக்குப் "பெயர்ப்பகம்" என்ற கிளைச்சொற்களும் இலகுவாக வருகின்றன. இடைச் சேர்வரைப் "பெயர்ப்பாளர்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் மூலத்தை வாசிப்பவர். இது வாசிக்கவே கூடாது.

"ஒருவழி" என்ற அடையும் கட்டாயம் வேண்டும்; அதாவது பெயர்ப்புத் திறப்பு நோயாளியிடமிருந்து வைத்தியர் பக்கம் மட்டும் மாற்றும், மறுபக்கம் மாற்றாது. பிளேஸ், புளூமர், ஸ்ட்ராஸ் மூவரும் 1998இல் தந்த முதல் முறை இருவழி, ஒரே திறப்பு இரு பக்கமும் மாற்றும். அதில் பெயர்ப்பகமும் வைத்தியரும் கூட்டுச் சேர்ந்தால் நோயாளியின் இரகசியத் திறப்பையே கணித்துவிடலாம். பிறகு அவருடைய எல்லாப் பதிவுகளும் வெளிச்சம்தான். ஆகவே கையேட்டில் தலைச்சொல் "ஒருவழி மறைகுறிப்பெயர்ப்பு" என்றே இருக்கட்டும்.